மான்குர்த் யார்டில் எண்ணிய கார்கள்

பங்கு புரோக்கர் ஆபீசில் டீலராக உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு விசேஷ பாக்கியம் உண்டு: லாபம் வந்தால் அது வாடிக்கையாளரின் மூளை, நஷ்டம் வந்தால் அது டீலரின் விரல். நாங்கள் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது என்பது சட்டம். கேட்டால் சொல்லாமல் இருக்கக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் இருக்கும் மாட்டுங்காவின் சட்டம். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருஷமாகக் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீங்களும் ஏதோ ஒரு கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து பிழைப்பவர் என்றால், அது பேங்கோ ரயில்வே புக்கிங்கோ மருந்துக் கடையோ, என் கஷ்டத்தை நான் விளக்கவே வேண்டாம். இப்போது ஊரே போனில் பங்கு வாங்கி விற்கிறது. எங்கள் ஆபீசில் மட்டும் ஏழெட்டுப் பெரியவர்கள் காலை ஒன்பதே காலுக்கு மூச்சு வாங்க மாடியேறி வந்து, சுவரோரம் போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, மூன்றரை மணிக்கு மார்க்கெட் மூடும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த பெஞ்சை ஒரே ஒரு கம்பெனியின் பங்கு படுத்திய பாட்டைத்தான் சொல்லப் போகிறேன். ஆபீசுகளுக்கும் டிரைவர்களுக்கும் கார்களைக் குத்தகைக்கு விடும் கம்பெனி அது. பெயர் எதற்கு? பெஞ்சில் அதை வண்டிக் கம்பெனி என்றுதான் சொல்வோம்.

கோவண்டி தாண்டி இடது பக்கம்

ரமணி மாமா இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். மாட்டுங்காவில் அப்பா காலத்து வாடகை வீடு. எதையும் தானே எண்ணிப் பார்த்தால்தான் நம்புவார். சில்லறை கொடுத்தால் இரண்டு தடவை எண்ணுவார், சில்லறை இல்லாவிட்டால் பொங்கலில் முந்திரியை எண்ணுவார். மாமாவின் பெண் வாஷியில் இருக்கிறாள். பேரனைப் பார்க்க வாராவாரம் தவறாமல் போய்விடுவார். குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் மாறி, ஜன்னலோரம் இடம் பிடித்தால், கோவண்டி தாண்டி மான்குர்த் வருவதற்குள் இடது பக்கம் வண்டிக் கம்பெனியின் யார்டு வரும். தகரவேலிக்குப் பின்னால் வெள்ளைக் கார்கள் வரிசையாக நிற்கும். மாமா எண்ண ஆரம்பித்துவிட்டார்.

ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் பாக்கெட்டிலிருந்து பழைய ரயில் டிக்கெட்டை எடுத்து என் மேஜையில் வைப்பார். பின்பக்கம் பென்சிலில் அந்த வாரத்து எண்ணிக்கை. முதல் டிக்கெட்டில் அறுபத்தெட்டு. அப்புறம் எண்பத்தொன்று. ஆறாவது வாரம் நூற்றுப் பன்னிரண்டு. "வண்டி ஓடினாத்தானே வாடகை? இத்தனை வண்டி சும்மா நிக்கறதுன்னா என்ன அர்த்தம்? கம்பெனி காலிடா" என்றார். பெஞ்சு மொத்தமும் தலையாட்டியது. பெரிய பெரிய புரோக்கர்கள் அந்தப் பங்கை வாங்கச் சொல்லி ரிப்போர்ட் போட்டிருக்கிறார்கள் என்று நான் மெல்ல எடுத்துக் காட்டினேன். மாமா மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "கோபாலா, அவன் ஏசி ரூம்ல உக்காந்து எழுதறான். நான் காசு கொடுத்து ரிட்டர்ன் டிக்கெட் வாங்கிண்டு போய் எண்றேன். யார் சொல்றதை நம்பணும்?"

கையில் இல்லாத சரக்கு

கம்பெனி விழப் போகிறது என்று தெரிந்தால் அதில் எப்படிச் சம்பாதிப்பது என்பது மாமாவின் அடுத்த கேள்வி. ஷார்ட் அடிப்பது என்று ஒன்று இருக்கிறது. கையில் இல்லாத பங்கை இன்றைய விலைக்கு முதலில் விற்றுவிட வேண்டியது. விலை இறங்கிய பிறகு மலிவாக வாங்கிக் கணக்கைத் தீர்க்க வேண்டியது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது நம் லாபம். ஏறிவிட்டால்? ஏறிய அளவுக்கு நம் தலையில் விடியும், அதற்கு எல்லையே கிடையாது. இதையெல்லாம் ஒரு தாளில் அம்புக்குறி போட்டு விளக்கினேன். கடைசி வரியை மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். மாமா அம்புக்குறியைப் பார்த்தார், சிவப்பு மையைப் பார்க்கவில்லை. வாடிக்கையாளர்கள் யாருமே அதைப் பார்ப்பதில்லை, உங்களுக்குத் தெரியாததா?

அவருக்கு உறுத்தியது நஷ்டம் இல்லை, தர்மம். "இல்லாத பொருளை விக்கறது பொய்யில்லையோ?" என்று இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலை பால்கனிக்குக் கம்பிக் கதவு போட வைத்திருந்த பணத்துக்குச் செக் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். இந்த மாதிரி வியாபாரத்துக்குத் தனி ஃபாரம் உண்டு. ஆறு இடத்தில் கையெழுத்து, பேங்க் ஸ்டேட்மென்ட், பான் கார்டு நகல் என்று நான் கேட்டுக்கொண்டே போக, மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. "எங்கிட்ட ஒண்ணுமே இல்லைன்னு நானே ஒத்துக்கறேன். இல்லாததை விக்கறதுக்கு எதுக்குடா பான் கார்டு?"

போனை எடுத்தது யார்?

தினமும் மார்க்கெட் மூடியதும் அன்றைய வியாபாரத்தை வாடிக்கையாளருக்குப் போனில் படித்துக் காட்டி, சரிதான் என்று வாங்க வேண்டும். எல்லாம் ரெக்கார்டு ஆகும். மாமா ஷார்ட் அடித்த முதல் நாள், சாயங்காலம் அவருக்குப் போன் போட்டேன். "ஹலோ" என்று குரல் வந்ததும் வழக்கம்போல் மூச்சு விடாமல் ஒப்பித்தேன்: "இன்னிக்கு வண்டிக் கம்பெனி ஒரு லாட் வித்திருக்கு, சரிதானே?"

அப்புறம்தான் தெரிந்தது, மாமா குளித்துக்கொண்டிருக்கிறார், போனை எடுத்தது அவர் மனைவி. மாமா வீட்டில் விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை. எங்கள் தொழிலில் இது பெரிய தப்பு. யார் பேசுகிறார்கள் என்று கேட்ட பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். வைஷாலி, பக்கத்து டெர்மினலில் இருக்கும் எங்கள் இன்னொரு டீலர், அந்த ரெக்கார்டிங்கை மூன்று தடவை போட்டுக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். மாட்டுங்கா பெஞ்சோடு பழகிப் பழகி அவளுக்குத் தமிழ் நன்றாகவே புரியும். அதில் மாமி தெளிவாகக் கேட்கிறார்: "வித்துட்டாரா? எங்காத்துல சைக்கிள்கூடக் கிடையாதே, யார் வண்டியை வித்தார்?"

இரவல்

மாமா ஒருவர் மட்டும் இப்படி விற்கவில்லை. ஒரு பங்கில் எத்தனை பேர் ஷார்ட் அடித்து நிற்கிறார்கள் என்பது மார்க்கெட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஓரளவு தெரிந்துவிடும். வண்டிக் கம்பெனியில் அது நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டே போனது. பெரிய கைகள் நிஜப் பங்குகளையே இரவல் வாங்கி விற்றன. இரவல் கொடுப்பவருக்கு மாதாமாதம் வாடகை உண்டு. அந்த வாடகையும் ஏறிக்கொண்டிருந்தது.

கமலா டீச்சர் எங்கள் பெஞ்சில் ஜன்னல் பக்கம் உட்காருபவர். கணவர் வாங்கி வைத்துவிட்டுப் போன வண்டிக் கம்பெனிப் பங்குகள் அவரிடம் ஒரு மூட்டை இருந்தன. சும்மா கிடக்கிற பங்கு, இரவல் கொடுத்தால் மாதம் ஒரு தொகை வருமே என்று எடுத்துச் சொன்னேன். எண்ணிக்கை குறையாமல் திரும்பி வரும், எக்ஸ்சேஞ்ச் பொறுப்பு, பயமே இல்லை என்றேன். டீச்சர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். வாங்குகிறவர் அதை என்ன செய்வார் என்று கேட்டார். விற்பார், விலை இறங்கினால் வாங்கித் திருப்பித் தருவார் என்றேன். பக்கத்தில் ரமணி மாமா திரையைப் பார்த்து, "விழு, விழு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். டீச்சர் அவரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "கல்யாணத்துக்கு அண்டா இரவல் கொடுத்த மாதிரிதான் கோபால். எண்ணி வாங்கிடலாம், சரி. அடி நசுங்கி வந்தா யாரைக் கேக்கறது?"

பதினோரு மணி இட்லி

செல்வி தாராவியிலிருந்து வருகிறவள். விடியற்காலை இட்லி ஊற்றி, பல கடைகளுக்குப் போட்டுவிட்டு, பதினோரு மணிக்கு எங்கள் மாடிக்கு ஒரு தூக்கோடு வருவாள். பெஞ்சுக்கு ஆளுக்கு மூன்று. அன்றைக்கு மாமா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வண்டிக் கம்பெனிக்குச் சாவுமணி அடித்துக்கொண்டிருந்தார். சட்னி ஊற்றிக்கொண்டிருந்த செல்வியின் கை நின்றுவிட்டது. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நேரே என் மேஜைக்கு வந்தாள். "அண்ணாச்சி, அந்தக் கம்பெனி முங்கிரும்னு சொல்லுதாங்களே, நெசமா? எங்க வீட்டுக்காரரு அவங்க வண்டியத்தான் ஓட்டுதாரு."

அவள் புருஷன் முருகன் நாலு வருஷக் குத்தகைக்குக் கார் எடுத்திருக்கிறான். தினம் ஒரு தொகை கட்ட வேண்டும், நாலு வருஷம் முடிந்தால் கார் அவனுக்கே சொந்தம். மூன்று வருஷமும் நாலு மாதமும் கட்டியாகிவிட்டது. எட்டு மாதம் பாக்கி. அதுவரை ஆர்.சி. கார்டு கம்பெனி பெயரில். நடுவில் கம்பெனி மூழ்கினால், அதற்குக் கடன் கொடுத்த பேங்க் வந்து எல்லா வண்டியையும் எடுத்துக்கொண்டு போய்விடும். இவர்கள் கட்டியது கட்டியதுதான். இதை அவள் அழாமல், விரல் விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். கம்பெனி விழுந்தால் நமக்குக் கொஞ்சம் பணம் வருகிற மாதிரி உங்கள் மார்க்கெட்டில் ஏதாவது இருக்கிறதா? போகிற வண்டிக்கு ஈடாக ஏதாவது கையில் நிற்க வேண்டுமே? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதைப் புரியவைக்கத்தான் எங்களை ஹோட்டலில் உட்கார வைத்து மூன்று நாள் டிரெயினிங் கொடுத்தார்கள்.

மாமா மாதிரி ஷார்ட் அடிக்க அவளை நான் விடவில்லை. ஏறினால் தாங்க மாட்டாள். புட் என்று ஒன்று உண்டு, அதைச் சொன்னேன். ஒரு மாதத்துக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். பங்கு பலமாக விழுந்தால் நல்ல பணம் வரும். விழாவிட்டால் கட்டியது மட்டும் போகும், அதற்கு மேல் ஒரு பைசா போகாது. எட்டு மாதமும் விழாவிட்டால் எட்டுத் தடவையும் பணம் போகும் என்று அழுத்தமாகச் சொன்னேன், வைஷாலியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு. செல்விக்கு அதில் குழப்பமே இல்லை. "வருசா வருசம் வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டுதோம். கட்டுன துட்டு வரணும்னு வேணும்னே கொண்டுபோயி இடிக்கவா செய்யுதோம்?"

ஏறிய அன்று

செல்வி புட் வாங்க ஆரம்பித்த மூன்றாவது மாதம் வண்டிக் கம்பெனியின் காலாண்டு முடிவு வந்தது. வண்டிகள் கூடியிருக்கின்றன, புது ஆபீசுகள் சேர்ந்திருக்கின்றன, லாபம் ஏறியிருக்கிறது. காலை திறந்ததுமே பங்கு குபீரென்று கிளம்பியது. ஷார்ட் அடித்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்கித் தப்பிக்கப் பார்த்தார்கள், அதனாலேயே இன்னும் ஏறியது. மாமாவிடம் இன்னும் பணம் கட்டச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நானே கணக்கை முடிக்க வேண்டும். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு ரெக்கார்டு ஆக வேண்டும் என்பதற்காகப் போன் போட்டு அதைச் சொன்னேன். அவரும் போனிலேயே, "முடிச்சுடு" என்றார். கம்பிக் கதவுப் பணம் போய், அதற்கு மேலும் கொஞ்சம் போயிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பதினோரு மணிக்குச் செல்வி இட்லியோடு வந்தாள். மாமா இட்லி வேண்டாம் என்றார். "நான் எங்கே தப்புப் பண்ணினேன்? மழையில்லை, வெயில்லைன்னு பார்த்தேனா? ஞாயிறு தவறாமப் போய் எண்ணினேனே!" என்று புலம்பினார். செல்வி நிமிர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமையா எண்ணினீர்கள் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆபீசெல்லாம் லீவு. அன்றைக்கு எல்லா டிரைவர்களும் வண்டியை யார்டில் கொண்டுபோய் விட்டாக வேண்டும். கழுவுவார்கள், டயர் பார்ப்பார்கள், திங்கள் காலைதான் திருப்பிக் கொடுப்பார்கள். கம்பெனிக்கு வண்டி கூடக் கூட ஞாயிற்றுக்கிழமை யார்டில் நிற்கிற வண்டியும் கூடும். அதாவது மாமா ஆறு வாரமாக எண்ணியது கம்பெனியின் வளர்ச்சியை.

மாமாவைச் சொல்லி என்ன? அந்த டிக்கெட்டுகளின் முன்பக்கம் தேதி அச்சடித்திருக்கும். நான் ஆறு வாரமும் பென்சில் எழுத்தையே பார்த்திருக்கிறேன், ஒரு தடவை திருப்பிப் பார்க்கவில்லை. கடைசியில் மாமா தானாகவே தட்டை நீட்டினார். செல்வி அவருக்கு மட்டும் நாலு இட்லி வைத்தாள். "கிழமை நாள்ல போயிருந்தா அஞ்சாறு வண்டிதான் நின்னுருக்கும் மாமா. அதுவும் பஞ்சர் ஒட்டுததுக்காவ நிக்கும்."

நஷ்டத்துக்குக் கூடுதல் சட்னி

மாதக் கடைசி வியாழனோ செவ்வாயோ, எந்தக் கிழமை என்று அவ்வப்போது மாற்றிக்கொண்டிருப்பார்கள், புட் காலாவதி ஆகும். வாடிக்கையாளரிடம் பணம் முழுசும் போச்சு என்று சொல்வதைப்போல ஒரு வேலை உலகத்தில் இல்லை. சிலர் கத்துவார்கள். சிலர் அப்படியே படியிறங்கிப் போய்விடுவார்கள், அது இன்னும் மோசம். செல்வி மட்டும், "போச்சா?" என்று கேட்டுச் சிரிப்பாள். அன்றைக்கு எனக்கு ஒரு கரண்டி சட்னி கூட விழும். விற்றவர்கள் எல்லோரும் பங்கு ஏறினால் வயிறெரிகிற ஆபீசில், தன் பணம் கரைவதைப் பார்த்து நிம்மதிப்படுகிற ஒரே ஆள் அவள்.

நாலாவது மாதம் எனக்கே மனசு கேட்கவில்லை. அவள் கட்டுகிற தொகை என்ன கொஞ்சமா, எத்தனை நாள் இட்லி அது. யோசனை சொல்லக் கூடாது என்ற சட்டத்தை மறந்துவிட்டு, "நீயே சொன்னியேம்மா, வண்டியெல்லாம் நல்லாத்தான் ஓடுதுன்னு. மாமா எண்ணினதே தப்பு. இனிமே எதுக்கு இது?" என்றேன். அவள் தூக்கை மூடிக்கொண்டே பதில் சொன்னாள். "மாமா எண்ணுனது தப்புன்னா கம்பெனி நல்ல கம்பெனின்னு ஆயிருமா அண்ணாச்சி? எட்டு மாசம் போவட்டும்."

ஆர்.சி.

எட்டாவது மாதமும் வந்தது. முருகன் கடைசித் தவணையைக் கட்டினான். கம்பெனி ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், அதைக் கொண்டுபோய் ஆர்.டி.ஓ.வில் கொடுத்தால் ஆர்.சி. பெயர் மாறும். கடிதம் இன்று நாளை என்று இழுத்தது. அந்த நாட்களில் செல்வி மாடியேறியதும் இட்லி எடுக்கும் முன்னால், "இன்னிக்கு எவ்வளவு?" என்று பங்கின் விலையைத்தான் கேட்பாள். நான் சொல்வதற்குள் பெஞ்சிலிருந்து நாலு பேர் சொல்வார்கள். டீச்சர் தினம் ஒருமுறை, "லெட்டர் வந்துதா?" என்பார். தன்னையறியாமல் பெஞ்சு மொத்தமும் அந்த ஒரு காருக்காகக் காத்திருந்தது.

ஒரு நாள் காலை செல்வி பிளாஸ்டிக் உறையில் போட்ட ஆர்.சி. கார்டை எடுத்து என் கீபோர்டின் மேலேயே வைத்தாள். சொந்தக்காரர்: முருகன். மாமா அதை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வண்டி நம்பரை எழுத்தெழுத்தாகப் படித்தார். செல்வி உடனே அடுத்த காரியத்துக்கு வந்தாள்: கையில் இருக்கிற புட்டை விற்றுவிட வேண்டும்.

அது முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. விற்றால் ஒரு நாள் சட்னிக்குத் தேங்காய் வாங்கலாம், அவ்வளவுதான் கிடைக்கும். நான் வேண்டாம் என்றேன். இருக்கட்டும், கட்டிய பணம் போனதுதானே, தற்செயலாக விழுந்தால் லாட்டரி மாதிரி என்றேன். "ரக்லோ செல்வி, க்யா ஜாதா ஹை?" என்று வைஷாலியும் சொன்னாள். வைத்துக்கொள், உனக்கென்ன போகிறது? பெஞ்சும் அதையே சொன்னது. செல்வி நாங்கள் எல்லோரும் பேசி முடிக்கிறவரை நின்றாள். "எங்க வண்டி அங்க இருந்தவரைக்கும் அது இன்சூரன்சு. இனிமே வச்சிருந்தா, அடுத்தவன் வண்டி எப்பம் போவும்னு பாத்துக்கிட்டு நிக்க மாதிரில்லா? வித்துருங்க அண்ணாச்சி."

ஆறாவது நாள்

சரியாக ஆறாவது நாள், வண்டிக் கம்பெனி வாங்கிய கடனுக்குத் தவணை கட்டவில்லை என்று செய்தி வந்தது. காலாண்டு லாபமெல்லாம் காகிதத்தில்தானாம். பங்கு விழுந்தது என்று சொல்ல முடியாது, விழுவதற்குக்கூட அதற்கு நேரம் கொடுக்கவில்லை. மறுநாள் பேங்க்காரர்கள் வண்டிகளைக் கேட்கிறார்கள் என்று பேச்சு வந்தது, மிஞ்சிய விலையிலும் பாதி போயிற்று. கமலா டீச்சரின் பங்குகள் எண்ணிக்கை குறையாமல் திரும்பி வந்திருந்தன. அவர் அதைப்பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுவே எனக்குத் தாங்கவில்லை. ரமணி மாமாவுக்கு வேறு துக்கம். காரணம் தப்பாக இருந்தாலும் விடையைச் சரியாகத்தானே சொன்னேன் என்று ஒவ்வொருவரிடமும் நியாயம் கேட்டார்.

செய்யக் கூடாத ஒரு காரியம் செய்தேன். செல்வி விற்ற புட் இன்றைக்கு என்ன விலை என்று தட்டிப் பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல் வாய்விட்டும் சொல்லிவிட்டேன். பதினோரு மணிக்கு அவள் படியேறி வந்ததும் வராததுமாக மாமா பொறுக்க முடியாமல், "வச்சிருந்தா இன்னிக்குப் பாதி கார் வாங்கியிருக்கலாமேம்மா!" என்றார். செல்வி அதைக் காதில் வாங்கிக்கொண்டாளா என்றே தெரியவில்லை. தூக்கைக் கீழே வைக்காமலே என் மேஜைக்கு வந்தாள். முருகனோடு சேர்ந்து ஓட்டுகிறவர்களில் பரமசிவம் என்று ஒருவர் இருக்கிறாராம், இவர்கள் தெருதான். அவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாராம். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள், ஏதாவது ஒரு விலையைச் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். இதற்குச் சொல்ல என் திரையில் விலை இல்லை. "அவருக்கு இன்னும் பதினோரு மாசம் பாக்கி இருக்கு அண்ணாச்சி. இப்பம் அவரு வாங்க மாதிரி அந்த இன்சூரன்சு ஏதாச்சும் இருக்கா?"

ஆக, தப்பாக எண்ணி விற்றவருக்கும், இரவல் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காதவருக்கும், வந்திருக்க வேண்டிய பாதிக் காரை விட்டுவிட்டு ஊரான் காருக்காக நின்றவளுக்கும் எங்கள் ஆபீஸ் புரோக்கரேஜ் கமிஷனை மட்டும் ஒரே ரேட்டில்தான் பிடித்தது.